கூடலூர் மழையில் விரியாத கொடி: ஒரு நிகழ்வு ஆய்வு

நீலகிரியின் மேற்குச் சரிவில், கூடலூருக்கும் தேவாலாவுக்கும் இடையே, தேயிலைக்கு நடுவில் இருக்கும் ஒரு பள்ளி. ஆகஸ்டு 15, காலை 8.45. இரவெல்லாம் கொட்டிய மழை அப்போதுதான் தூறலாகியிருந்தது. 6 மீட்டர் இரும்புக் குழாய்க் கம்பத்தின் உச்சிக்குக் கொடிப் பொட்டலம் ஏறியது. கயிற்றைச் சுண்டினார்கள், விரியவில்லை. மறுபடி சுண்டியும் அப்படியே இருந்தது. மூன்றாம் முறை உடல் எடையைக் கொடுத்து இழுத்ததும் முடிச்சு அவிழ்ந்தது. அதே இழுப்பில் கயிறு கப்பியின் பள்ளத்தை விட்டு விலகி, சக்கரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. உச்சியிலிருந்து முக்கால் மீட்டர் கீழே நின்ற கொடி அதன்பின் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

மதியத்துக்குள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிட்டது. "யார் இறந்தது, அரைக்கம்பத்தில் பறக்கிறதே?" என்று ஒருவர் கேட்டார். கொடியை அவமதித்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர்கள் மேலும் இரண்டைச் சொன்னார்கள்: சக்கரம் நடுவில் இல்லை, வெள்ளையில் காவி வழிந்திருக்கிறது. இரண்டும் உண்மை. மாலை 5.30க்கு ஏணி வைத்துக் கொடியை இறக்கியபோது, படத்தில் தெரியாத வேறு பிழைகளும் தெரிந்தன.

இங்கே யாருக்கும் அவமதிக்கும் எண்ணம் இருக்கவில்லை. 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டமும், காவி கீழே வரும்படி பறக்கவிடுவது, தரையிலோ நீரிலோ படவிடுவது போன்றவற்றை 'வேண்டுமென்றே' செய்தால்தான் குற்றம் என்கிறது. ஆனால் எண்ணம் நல்லது என்பதால் பிழை பிழையில்லாமல் போய்விடாது. நம் கொடியின் பொருள் முழுக்க அதன் அளவிலும் நிறத்திலும் சமச்சீரிலும்தான் இருக்கிறது. எழுத்தோ வாசகமோ எதுவும் அதில் கிடையாது. அளவு பிசகினால் பொருளும் சேர்ந்தே பிசகுகிறது. எனவே அன்று நடந்த ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து, எந்த இடத்தில், எதனால் பிசகியது என்று பார்ப்போம்.

மேசையில் விரித்து அளந்தது

கொடி அந்த ஆண்டு ஜனவரியில் ஒரு கடையில் '3க்கு 2 அடி' என்று வாங்கியது. குடியரசு நாளன்று நல்ல வெயில். நனைந்தது இந்த ஆகஸ்டில்தான் முதல்முறை. காயவைத்தபின் எடுத்த அளவுகள்: நீளம் 915 மில்லிமீட்டர், உயரம் 585. காவி 190, வெள்ளை 204, பச்சை 191. சக்கரத்தின் விட்டம் கிடைவாக்கில் 180, நெடுவாக்கில் 172. சக்கரத்தின் மையம் கம்பத்துப் பக்க ஓரத்திலிருந்து 445, பறக்கும் ஓரத்திலிருந்து 470.

இந்த எண்களே பாதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன. 3 அடி என்பது 914 மில்லிமீட்டர், 2 அடி என்பது 610. நீளம் குறையவில்லை, உயரம் மட்டும் 25 மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது. அதாவது நூற்றுக்கு 4. சக்கரமும் நெடுவாக்கில் அதே விகிதத்தில்தான் ஒடுங்கியிருக்கிறது. ஆகவே அச்சடித்தபோது சக்கரம் 180 மில்லிமீட்டர் வட்டமாகத்தான் இருந்தது; மழைக்குப் பின்தான் முட்டை வடிவமானது. ஜனவரியில் எடுத்த படங்களிலும் அது வட்டமாகவே தெரிகிறது. துணியின் பாவு கொடியின் உயரவாக்கில் ஓடும்படி வெட்டியிருக்கிறார்கள். தறியில் விறைப்பாக இழுத்துக் கட்டப்படுவது பாவுநூல்தான்; நனைந்ததும் முதலில் சுருங்குவதும் அதுவே. தைப்பதற்கு முன் துணியை ஓர் இரவு நீரில் ஊறப்போட்டுக் காயவைத்திருந்தால் இந்தச் சுருக்கம் தறித்துணியோடு போயிருக்கும், கொடிக்கு வந்திருக்காது. ரவிக்கைக்கு லைனிங் துணியை நனைத்துவிட்டு வெட்டும் தையற்காரர், கொடித்துணியை நனைக்காமல் விட்டிருக்கிறார்.

பட்டைகள் சமமாக இல்லாததற்குக் காரணம் வேறு. மூன்று பட்டைகளையும் ஒரே அகலத்தில், ஏறக்குறைய 233 மில்லிமீட்டராக வெட்டியிருக்கிறார்கள். கேட்பதற்கு அது சரியாகத்தான் படும். ஆனால் வெள்ளைப் பட்டை இரண்டு பக்கமும் இணைப்புத் தையலுக்கு 10, 10 என்று 20 மில்லிமீட்டரைத்தான் இழக்கிறது. காவியும் பச்சையும் ஒரு பக்கம் இணைப்புக்கு 10, வெளி ஓரத்தில் இரட்டை மடிப்புக்கு 24, ஆக 34 இழக்கின்றன. தைத்து முடித்ததும் நடுப்பட்டை 14 மில்லிமீட்டர் தடித்துவிடுகிறது. 900க்கு 600 கொடிக்கு ஒவ்வொரு பட்டையும் தைத்தபின் 200 வரவேண்டுமென்றால், இதே மடிப்பளவுக்கு, வெள்ளையை 220 ஆகவும் மற்ற இரண்டையும் 234 ஆகவும் வெட்டவேண்டும். சமமாக வரவேண்டியதைச் சமமாக வெட்டக்கூடாது. கொடி தைப்பவர்கள் பலர் தவறவிடுவது இதைத்தான்.

14 மில்லிமீட்டர் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்ற தீர்மானம், ஆழ்ந்த காவி, வெண்மை, கரும்பச்சை மூன்றும் சம அளவில் கிடைப்பட்டைகளாக இருக்கவேண்டும் என்கிறது. உயரத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் 2க்கு 3. தீர்மானமே சில வரிகள்தான். அதில் எண்ணால் சொன்னவை மிகக் குறைவு. அந்தக் குறைவானவற்றையாவது காப்பாற்ற வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இந்தியத் தர நிறுவனத்தின் வரையறைப்படி கொடிக்கு ஒன்பது அளவுகள் உண்டு. மிகப் பெரியது 6300க்கு 4200 மில்லிமீட்டர், மிகச் சிறியது மேசையில் வைக்கும் 150க்கு 100. கார்களுக்கு 225க்கு 150. பள்ளிகளுக்குப் பொருந்துபவை 900க்கு 600, 1350க்கு 900, பெரிய மைதானமும் உயர்ந்த கம்பமும் இருந்தால் 1800க்கு 1200. இவற்றுக்குச் சக்கரத்தின் விட்டம் முறையே 185, 280, 370. அடிக்கணக்கில் விற்கும் கொடி இந்த அளவுகளுக்குப் பக்கத்தில் வரும், பொருந்தாது. கடையில் மில்லிமீட்டரில் கேளுங்கள்; அளவுநாடாவைக் கையோடு கொண்டுபோங்கள்.

சக்கரம்: ஏன் நடுவில், ஏன் இருபுறமும்

மையம் 12.5 மில்லிமீட்டர் கம்பத்துப் பக்கம் நகர்ந்ததற்கு விடை துணியின் பன்னாவில், அதாவது தறியில் வந்த அகலத்தில், இருந்தது. அது 37 அங்குலப் பன்னா, அதாவது 940 மில்லிமீட்டர். பறக்கும் ஓரம் துணியின் கரையாகவே விடப்பட்டிருந்தது, மடிக்கவில்லை. 940இன் நடுவான 470இல் சக்கரத்தை அச்சடித்துவிட்டு, பிறகு கம்பத்துப் பக்கம் கயிற்றுக்குழலுக்காக 25 மில்லிமீட்டர் மடித்துத் தைத்திருக்கிறார்கள். முழுதாகத் தைத்து முடித்தபின், குறுக்கும் நெடுக்கும் நூல் பிடித்து நடுவைக் குறித்து, அதன் மேல்தான் சக்கரம் விழவேண்டும். வேலை வரிசையை மாற்றினால் நடு நகரும், வேறு மாயம் இதில் இல்லை.

பின்பக்கத்துச் சக்கரம் தனி அச்சு. முன்பக்கத்திலிருந்து 8 மில்லிமீட்டர் விலகியிருந்தது. துணி மெல்லியது, அன்று நனைந்தும் இருந்தது. வெளிச்சத்தில் இரண்டு சக்கரம் ஒன்றன்மேல் ஒன்று நிழலாடியது. ஆரக்கால்கள் 24 இருந்தன, ஆனால் முன்பக்கத்தில் நேர் மேலே ஆரக்காலுக்குப் பதில் இடைவெளி நின்றது. அச்சுச் சட்டத்தை ஏறக்குறைய 7 பாகை திருப்பி வைத்துவிட்டார்கள். முதல் பக்கம் அச்சடித்ததும், மையத்திலும் மேல், கீழ், இட, வல நுனிகளிலும் குண்டூசி குத்தி, துணியைத் திருப்பி அந்தத் துளைகளில் சட்டத்தைப் பொருத்தினால் இரண்டு பிழையும் வராது.

பள்ளியில் பிள்ளைகளைக் கொண்டு சக்கரம் வரைவிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பாகைமானியில் 15, 30, 45 என்று எண்ணிக்கொண்டே போனால் சிறு சிறு பிசகுகள் சேர்ந்து கடைசி ஆரக்கால் இடிக்கும். கவராயத்தை வட்டத்தின் ஆரத்துக்கே வைத்து, உச்சிப் புள்ளியிலிருந்து வட்டத்தைச் சுற்றி வெட்டிக்கொண்டே வந்தால் ஆறு புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு இடைவெளியையும் பாதியாக்கினால் 12, மறுபடி பாதியாக்கினால் 24. உச்சியிலிருந்து தொடங்குவதால் ஓர் ஆரக்கால் தானாகவே நேர் மேலே நிற்கும்.

இத்தனை மெனக்கெடல் எதற்கு என்பதற்கு 1947இலேயே பதில் இருக்கிறது. 1931இல் காங்கிரஸ் ஏற்ற கொடியில் நடுவில் இருந்தது கைராட்டை. ராட்டையில் ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் நூல் சுற்றும் கதிர். கொடியின் பின்பக்கத்தில் பார்த்தால் இடம் வலமாக மாறிவிடும். கொடி இருபுறமும் ஒன்றுபோலத் தெரியவேண்டும் என்பதால் ராட்டையின் சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டதாக நேரு சபையில் விளக்கினார். தீர்மானத்தின் சொற்களும் அதையே சொல்கின்றன: நடுவில் வரும் கடல்நீலச் சக்கரம் ராட்டையைக் குறிப்பது; அதன் வடிவம் சாரநாத்தின் அசோகர் சிங்கத் தூணில், சிங்கங்களுக்குக் கீழுள்ள பட்டையில் இருக்கும் சக்கரத்தினுடையது; விட்டம் வெள்ளைப் பட்டையின் அகலத்தை ஒட்டியது. ராட்டை போய் அறச்சக்கரம் வந்தது என்று மேடைகளில் சொல்வது பாதிதான் சரி. ராட்டை அந்தச் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. கொடியை வகுத்த குழுவுக்கு ராஜேந்திர பிரசாத் தலைவர். ராஜாஜியும் அம்பேத்கரும் உறுப்பினர்கள்.

ஆக, இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதற்காகவே தேர்ந்தெடுத்த ஒரு வடிவத்தை 8 மில்லிமீட்டர் தள்ளி அச்சடித்தால், எந்தக் காரணத்துக்காக அது வந்ததோ அந்தக் காரணமே கெடுகிறது.

இந்தப் பள்ளியின் சுற்றுச்சுவரில் கொடி காத்த குமரனின் ஓவியம் உண்டு. அவர் கையில் அசோகச் சக்கரக் கொடி. தமிழ்நாட்டுச் சுவர்கள் பலவற்றில் இதே பிழையைப் பார்க்கலாம். திருப்பூரில் தடியடி பட்டுக் குமரன் இறந்தது 1932 ஜனவரி 11. அவர் கையிலிருந்து விடாமல் பிடித்திருந்தது ராட்டைக் கொடி. அடுத்த முறை சுண்ணாம்பு அடிக்கும்போது சக்கரத்துக்குப் பதில் ராட்டையை வரையச் சொன்னோம். அவர் உயிரைக் கொடுத்தது எந்தக் கொடிக்காகவோ, அந்தக் கொடியே அவர் கையில் இருக்கட்டும்.

வெள்ளையில் இறங்கிய காவி

சாயம் இறங்கியது வானிலையின் குற்றமாகத் தோன்றும். ஆனால் மழை ஒரு பரிசோதனையைத்தான் செய்தது. பருத்திக்கு மலிவாக ஏற்றும் டைரக்ட் சாயம் இழையோடு தளர்வாகவே ஒட்டியிருக்கும். சரியாக நிலைநிறுத்தாவிட்டால் குளிர்ந்த நீரிலேயே கரைந்து இறங்கும். ரியாக்டிவ் சாயம் இழையோடு வேதிப்பிணைப்பு கொள்வது. அதிலும் பிணையாமல் மிஞ்சிய சாயத்தைப் பலமுறை அலசி எடுக்காவிட்டால் கசியும். வாட் சாயம் இழைக்குள் போய்க் கரையாத நிலைக்குத் திரும்பிவிடுவதால் மழைக்கு அதுவே நம்பகமானது. காவி மேலே, வெள்ளை அதன் கீழே என்பதால் கசிவது எப்போதும் வெள்ளைக்குத்தான் வந்து சேரும். பச்சை கசிந்தாலும் கீழே சொட்டிவிடும், கண்ணில் படாது.

வாங்கிய அன்றே சோதிக்கலாம். கொடியின் காவி மூலையையும் பச்சை மூலையையும் நனைத்து, வெள்ளைப் பருத்தித் துணிகளுக்கு நடுவே வைத்து, மேலே இரண்டு தடிப் புத்தகங்களை ஏற்றி அரை மணி நேரம் விடவேண்டும். வெள்ளைத் துணியில் நிறம் பட்டால் அந்தக் கொடி கூடலூருக்கு ஆகாது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அன்று வெள்ளையில் இன்னொரு கறையும் இருந்தது, திட்டுத் திட்டாக மஞ்சள். பொட்டலத்துக்குள் வைத்த செண்டுமல்லி இதழ்கள் இரவு முழுவதும் ஈரத்தில் ஊறி விட்ட சாறு அது. கொடிக்குள் மலரிதழ் வைக்கக் கொடி விதிகள் அனுமதிக்கின்றன. கம்பத்தின் உச்சியில் மாலையோ பூவோ வைக்கத்தான் கூடாது. இதழ் வைப்பதென்றால் ஒரு கைப்பிடி போதும். துடைத்து உலர்ந்ததாக, காலையில் மடிக்கும்போது வைக்கவேண்டும்.

மேல்மலையில், ஊட்டிப் பக்கம் சாயத்துக்கு வேறு எதிரி. 2,000 மீட்டருக்கு மேலே வெயில் சுடாது, ஆனால் புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கூடுதல். நாள்தோறும் கொடி பறக்கும் இடங்களில் காவி வெளிறி மஞ்சளாகப் போவதைப் பார்க்கலாம். சிதைந்த, அலங்கோலமான கொடியைப் பறக்கவிடக்கூடாது என்பது விதி. புதிய கொடி வாங்கியதும் ஓரத்தில் எடுத்த காவித் துணி ஒன்றை உறையில் போட்டு வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எப்போது மாற்றவேண்டும் என்பது தெரிந்துவிடும்.

நிறங்களின் பொருள் பற்றி அன்று ஒரு கேள்வி எழுந்தது. இந்தச் சரிவில் இருப்போரில் பலர், 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தினர். கம்பத்தடியில் நின்ற முதியவர் தலைமையாசிரியையிடம், "அந்தக் கொடியிலயும் காவியும் பச்சையும் உண்டுங்க டீச்சர். காவி நமக்குன்னு சொல்லுவாங்க. இதுலயும் அப்படித்தானுங்களா?" என்று கேட்டார்.

அவர் சொன்னது இலங்கைக் கொடிக்குச் சரி. அங்கே வாளேந்திய சிங்கத்தின் செந்நிறக் கட்டத்துக்கு வெளியே, காவிப் பட்டை தமிழரையும் பச்சைப் பட்டை முஸ்லிம்களையும் குறிக்கின்றன. நம் கொடியும் ஏறக்குறைய அப்படித்தான் தொடங்கியது. 1921இல் பெஜவாடாவில் (இன்றைய விஜயவாடா) பிங்கலி வெங்கையா காந்தியிடம் கொடுத்த வரைவில் சிவப்பும் பச்சையும் இரு சமயத்தாருக்கு. மற்றவர்களுக்காக வெள்ளையைச் சேர்க்கச் சொன்னார் காந்தி. ஆனால் 1931இல் சிவப்பைக் காவியாக்கி வரிசையை மாற்றியபோது, நிறங்களுக்குச் சமயப் பொருள் கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். 1947இல் சபையில் ராதாகிருஷ்ணன் விளக்கியபடி காவி துறவும் தன்னலமின்மையும். வெண்மை ஒளி, வாய்மையின் வழி. பச்சை மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு. சக்கரம் அறமும் இயக்கமும். எனவே முதியவருக்குச் சொல்லவேண்டிய பதில்: இந்தக் கொடியில் உங்களுக்கென்று தனிப் பட்டை கிடையாது, மூன்றும் உங்களுடையதுதான். பட்டைகள் சமமாக இருந்தே ஆகவேண்டும் என்று முன்னே அழுத்திச் சொன்னதற்கும் இதுவே காரணம்.

முடிச்சு, கயிறு, கப்பி

முந்தின நாள் மாலை 4 மணிக்கே கொடியை மடித்துக் கட்டி வராந்தாவில் வைத்துவிட்டார்கள். காலையில் எல்லாமே ஈரம். உலர்ந்த நிலையில் 112 கிராம் இருக்கும் கொடி நனைந்தபின் 286 கிராம். 8 மில்லிமீட்டர் பருத்திக் கயிறு ஊறி 9.5 ஆகியிருந்தது, கப்பியின் பள்ளமோ 9. பருத்தி நனைந்தால் இழை பருக்கும், கயிறு தடித்துக் குட்டையாகும், ஒன்றோடொன்று உரசும் இடத்தில் இறுகும். கொடியின் கீழ்நுனிக் கயிற்றால் பொட்டலத்தை ஐந்து சுற்றுச் சுற்றி, கடைசிச் சுற்றுக்குள் வளையத்தைச் செருகியிருந்தார்கள். ஐந்து சுற்றின் உரசலும் ஊறிய கயிற்றின் இறுக்கமும் சேர்ந்து வளையத்தை விடவில்லை. இழுக்க இழுக்க இறுகியது. ஜனவரியில் இதே ஐந்து சுற்றுத்தான், கயிறு உலர்ந்திருந்ததால் அவிழ்ந்தது. அப்போது சரியாக நடந்ததால் இப்போதும் நடக்கும் என்று நம்பியதில் தவறில்லை, ஆனால் ஜனவரி வேறு, ஆகஸ்டு வேறு.

கட்டும் முறை: கொடியை நீளவாக்கில் இரண்டாக, பிறகு நான்காக மடித்து, பறக்கும் முனையிலிருந்து கம்பத்துப் பக்கமாகத் தளர்வாகச் சுருட்டவேண்டும். கீழ்க்கயிற்றால் இரண்டு சுற்று, மிஞ்சிப்போனால் மூன்று. கயிற்றை மடக்கி நான்கு விரற்கடை வளையமாக்கி, கடைசிச் சுற்றுக்கு அடியில் செருகவேண்டும். வளையத்தை நுழைக்கலாம், கயிற்றின் முனையை நுழைக்கக்கூடாது. முனை நுழைந்தால் அது உண்மையான முடிச்சாகிவிடும். ஏற்றும்போது கீழ்க்கயிறு தளர்வாக இருக்கவேண்டும், இல்லையென்றால் பாதி வழியிலேயே விரிந்துவிடும். உச்சியில் நின்றதும் ஏற்றிய கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு, கீழ்க்கயிற்றை ஒரே சுண்டாகச் சுண்டவேண்டும். அன்று ஏற்றிய கயிற்றை யாரும் பிடிக்கவில்லை. மூன்றாம் இழுப்பில் கொடி முக்கால் மீட்டர் இறங்கியதும், தளர்ந்த கயிறு பள்ளத்தை விட்டுக் குதித்ததும் அதனால்தான்.

அது அரைக்கம்பமும் அல்ல. அரைக்கம்பத்தில் பறக்கவிடும்போது கொடியை முதலில் உச்சிவரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு பாதிக்கு இறக்குவார்கள். மாலையில் மறுபடி உச்சிக்கு ஏற்றித்தான் இறக்குவார்கள். அரசு துக்கம் அறிவித்த நாட்களில்கூட, ஆகஸ்டு 15 வந்தால், உடல் வைக்கப்பட்டிருக்கும் கட்டடத்தைத் தவிர மற்ற இடங்களில் கொடி முழு உயரத்தில்தான் பறக்கும்.

மழையில் ஏற்றியது தவறா என்றும் கேட்டார்கள். இல்லை. திறந்தவெளியில் வானிலை எதுவானாலும் ஏற்றலாம் என்பதே விதி. 2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு இரவிலும் பறக்கவிடலாம். ஆனாலும் இந்த மலையில் மாலையில் இறக்கிவிடுவதே நல்லது என்போம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிய மாவட்டம் இது. இரவுக் காற்றில் பறக்கும் ஓரம் நார் நாராகப் பிரிந்துவிடும். பிரிந்த ஓரத்தை வெட்டி மடித்துத் தைப்பதும் நம் கொடிக்கு ஒத்துவராது. 30 மில்லிமீட்டர் வெட்டினால் 900 நீளம் 870 ஆகும், 3க்கு 2 கெடும், சக்கரம் நடுவிலிருந்து 15 மில்லிமீட்டர் விலகும். கிழிந்த கொடிக்கு மாற்றுக் கொடிதான் வழி.

அன்று நடக்காத ஒன்று

கொடி தலைகீழாகப் போகவில்லை, ஆனால் போயிருக்கலாம். மூடுபனியில், ஈரத்தில் காவியும் பச்சையும் இருண்டு, மடித்த பொட்டலத்தில் எது மேல் என்று குழப்பும். சக்கரம் இதில் உதவாது. இடவலச் சமச்சீருக்காக எடுத்த வடிவம் மேல்கீழாகத் திருப்பினாலும் அப்படியே இருக்கும். ராட்டை இருந்திருந்தால் கவிழ்ந்தது உடனே தெரியும். இருபுறமும் ஒன்றாக இருப்பதற்கு நம் கொடி கொடுத்த விலை இது. தரமான கொடியில் கயிற்றுக்குழலின் மேல்நுனியில் ஒரு சிறு மரக்கட்டையும் கீழ்நுனியில் நீண்ட கயிறும் வருவது இதைத் தடுக்கத்தான். கடையில் வாங்கிய இந்தக் கொடியில் இரு நுனியிலும் ஒரே மாதிரிக் கயிறு இருந்தது. அப்படிப்பட்ட கொடியில் மேல்நுனிக் கயிற்றில் காவி நூலால் ஒரு விரற்கடை இறுகச் சுற்றி வைத்துவிட்டால், இருட்டிலும் விரல் தடவிச் சொல்லும்.

மாற்றியவை

இந்தியத் தர நிறுவன முத்திரையுள்ள 900க்கு 600 காதிக் கொடி ஒன்று வாங்கப்பட்டது. கர்நாடகத்தில், ஹூப்ளியின் பெங்கேரியில் தைக்கும் இத்தகைய கொடிகள் காதிக் கடைகள் வழியே கிடைக்கின்றன. கூடவே பாலியெஸ்டர் கொடி ஒன்று. 2021 டிசம்பர் 30 திருத்தத்திலிருந்து பாலியெஸ்டரும் இயந்திரத் துணியும் அனுமதிக்கப்பட்டவை. சபையில் நேரு காட்டிய இரு கொடிகளும் காதிதான், ஒன்று பட்டு, ஒன்று பருத்தி. கையால் நூற்ற துணிக்குள்ள பொருள் பாலியெஸ்டருக்கு வராது. ஆனால் நனைந்து கம்பத்தோடு ஒட்டிக் கிடக்கும் காதியைவிட, மழையிலும் விரிந்து பறக்கும் பாலியெஸ்டர் ஆகஸ்டில் கொடியாகத் தெரிகிறது. ஜனவரிக்குக் காதி, கொட்டும் மழைக்குப் பாலியெஸ்டர் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே கூடலூர்ப் பக்கத்துக்குச் சரி என்பது எங்கள் தீர்ப்பு. பாலியெஸ்டர் வாங்கும்போது பின்பக்கத்தைப் பாருங்கள். பல கொடிகளில் நிறம் ஒருபுறம்தான் ஆழமாக இருக்கும்.

கயிறு 8 மில்லிமீட்டர் பின்னல் பாலியெஸ்டராக மாறியது. கம்பத்தின் உயரத்துக்கு இரு மடங்கும், கட்ட 2 மீட்டரும் சேர்த்து 14 மீட்டர். கப்பி பித்தளை, பள்ளம் 12 மில்லிமீட்டர், பக்கத் தகடு சக்கரத்தோடு நெருங்கியது. கம்பத்தை உரசிக்கொண்டிருந்த சில்வர் ஓக் கிளை கழிக்கப்பட்டது. கட்டுவது விழாவன்று காலை 8 மணிக்கு, கூரைக்கு அடியில். முந்தின நாள் அதே அளவுள்ள பழைய துணியைக் கட்டி, கயிற்றின் மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, இரண்டு முறை ஏற்றிச் சுண்டிப் பார்க்கிறார்கள். ஊட்டிப் பக்கத்துப் பள்ளிகள் ஜனவரி 25 இரவு கயிற்றைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவது நல்லது. உறைபனியில் ஈரக் கயிறு கம்பிபோல் விறைத்துவிடும்.

இறக்கிய கொடியை அறைக்குள் நிழலில் விரித்து முழுக்கக் காயவைத்தபின்தான் மடிக்கிறார்கள். ஆகஸ்டில் அதற்கு இரண்டு நாள் பிடிக்கும். ஈரத்தோடு பீரோவில் வைத்தால் பூஞ்சை முதலில் வெள்ளைப் பட்டையில்தான் பூக்கும்.

சாயம் இறங்கிய பழைய கொடியை என்ன செய்வது என்பது கடைசியாக வந்தது. துடைதுணியாகவோ வேறு எதற்குமோ பயன்படுத்தக்கூடாது, குப்பையில் போடக்கூடாது. முழுதாக, தனிமையில், எரித்தோ கண்ணியமான வேறு முறையிலோ அழிக்கவேண்டும். பொது இடத்தில் எரிப்பது மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதால் தனிமை என்ற சொல்லைக் கவனமாக எடுத்துக்கொள்ளவேண்டும். மதியம் பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின், சமையற்கூடத்துக்குப் பின்னால், தலைமையாசிரியையும் விளையாட்டு ஆசிரியரும் மட்டும் நின்று எரித்தார்கள். பருத்தி நன்றாகக் காய்ந்திருந்ததால் ஐந்து நிமிடத்தில் சாம்பலாகிவிட்டது. பாலியெஸ்டர் கொடிக்கு ஒரு நாள் இதே நிலை வரும்போது எரிக்கக்கூடாது என்று அப்போதே முடிவானது. அது உருகிக் கரிய பிசினாகச் சொட்டும், புகையும் ஆகாது. மடித்து, வெள்ளைத் துணியில் சுற்றி, தோட்டத்தின் மேல் ஓரத்தில் ஒரு முழ ஆழத்தில் புதைக்க இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள்.